இரண்டு கம்பெனிக் கருவிகள், ஒரே கம்பி



சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். முன்னாளில் பெரிய கிராணி மேசை போட்டு உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டு, நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பார். பிறகு அந்த மேசையின் இடத்துக்கு வங்கி வந்தது. தோட்ட ஆபீசில் தயாராகும் சம்பளப் பட்டியல் பட்டணத்து வங்கிக்குப் போகும். அங்கிருந்து கம்பி வழியே கோலாலம்பூருக்குப் போகும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் நம் கணக்கில் பணம் ஏறும். அந்தக் கம்பியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஜொகூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சிறு பட்டணத்தில் நாங்கள் கருவிப்பெட்டியோடு ஒரு வங்கிக் கிளைக்குப் போய் நின்றோம். அன்று ஆறாம் தேதி. வெளியே பணம் கொடுக்கும் இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. அட்டையைப் போட்டால் விழுங்கியது, இரகசிய எண்ணைக் கேட்டது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லியது. ஆனால் கணக்கில்தான் ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியலை அனுப்பினால் பாதியில் அறுந்துபோகிறது. மறுபடி அனுப்பினால் மறுபடியும் அறுகிறது. கருவி விற்றவரின் ஆள், "எங்கள் கருவி பச்சை விளக்கு காட்டுகிறது, கோளாறு கம்பியில்" என்றார். கம்பிக்காரரின் ஆள், "எங்கள் கம்பியும் பச்சைதான், கோளாறு கருவியில்" என்றார். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனாலும் பட்டியல் போகவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். அது விளங்க வேண்டுமானால் கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினால்தான் வழி கிடைக்கும். பேசி முடித்ததும் வழி கலைந்துவிடும். வங்கி, மின்சார வாரியம், பெரிய ஆலை போன்றவர்களுக்கு அது போதாது. இரவும் பகலும் திறந்தே இருக்கும் ஒரு வழி அவர்களுக்கு வேண்டும். மாத வாடகை கட்டி, இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு வழியைத் தங்களுக்கென்றே எடுத்துக்கொள்வார்கள். இதைத்தான் லீஸ்ட் லைன் என்கிறார்கள். குத்தகைக் கம்பி என்று நாம் சொல்லலாம். நம் நாட்டில் இந்த வேலையை முதலில் அரசாங்கத்தின் தொலைத்தொடர்பு இலாகா பார்த்தது. 1987இல் அது சிரிக்காட் தெலிகோம் மலேசியா என்னும் கம்பெனியாயிற்று. 1990இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. அந்த இலாகாவில் குழி வெட்டி, கேபிள் இழுத்து, தூண் ஏறிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாத்தாமார்களில் சிலருக்கு அந்தத் தூண்களின் உயரம் இன்றும் நினைவிருக்கும்.

மனிதக் குரலை இலக்கமாக மாற்ற, ஒரு விநாடிக்கு 8,000 முறை அதை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் எட்டுப் புள்ளிகளாக, அதாவது எட்டு ஒன்று-சுழிகளாக எழுதுகிறார்கள். எட்டாயிரத்தை எட்டால் பெருக்கினால் 64,000. விநாடிக்கு 64,000 புள்ளி என்பது ஒரு குரலுக்கு வேண்டிய அகலம். இப்படி 32 பாதைகளை ஒரே கம்பியில் அடுக்கினால் விநாடிக்கு 20,48,000 புள்ளிகள் வரும். இதற்கு ஈ-1 என்று பெயர். ஐரோப்பாவில் வகுத்த முறை இது. மலேசியாவிலும் இதுவே வழக்கம். அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய டி-1 முறையில் 24 பாதைகள்தாம்; விநாடிக்கு 15,44,000 புள்ளிகள். அமெரிக்காவுக்கென்று செய்த கார்டை இங்கே கொண்டுவந்து செருகினால் ஒன்றும் நடக்காது. அப்படிச் செருகிவிட்டு விழித்தவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்த 32 பாதைகளும் கலந்துவிடாமல் எப்படி ஓடுகின்றன? விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மண்டோர் நிற்கிறார். அவருக்குப் பின் முப்பத்தொரு பேர், தத்தம் இடத்தில். வரிசை கிராணியைக் கடந்து போகிறது. மண்டோரைக் கண்டதும் கிராணி, "இங்கிருந்து எண்ணிக்கை தொடங்குகிறது" என்று தெரிந்துகொள்கிறார். ஏழாவதாக வருபவர் யார், பதினெட்டாவதாக வருபவர் யார் என்று முகம் பார்க்க வேண்டியதில்லை. இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஈ-1 கம்பியிலும் அப்படியே. சுழியாம் பாதை மண்டோர்; அதில் தரவு போகாது, தொடக்கத்தைக் காட்டும் அடையாளம்தான் போகும். ஒரு முழு வரிசைக்குச் சட்டம் என்று பெயர். ஒரு சட்டத்தில் 256 புள்ளிகள், ஒரு விநாடிக்கு 8,000 சட்டங்கள்.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். இரு முனையிலும் ஒரே கம்பெனியின் கருவி இருந்தால், பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதுமே பெரும்பாலும் ஓடிவிடும். ஒரு முனையில் ஒரு கம்பெனி, மறு முனையில் வேறொரு கம்பெனி என்றால்தான் வம்பு. ஒவ்வொரு கம்பெனியும் சில அமைப்புகளைத் தானாகவே போட்டு அனுப்புகிறது. "நாம் ஒன்றும் மாற்றவில்லையே" என்று தொழில்நுட்பர் சொல்வார். மாற்றாமல் விட்டதுதான் அங்கே தவறாக இருக்கும்.

முதல் வம்பு கம்பியிலேயே தொடங்கும். சில கருவிகளில் ஈ-1 வாய் இரண்டு உருண்டைச் செருகிகளாக இருக்கும். அது 75 ஓம். வேறு சிலவற்றில் தொலைபேசிச் செருகி போன்ற சதுர வாய் இருக்கும். அது 120 ஓம். இரண்டையும் நேராக இணைத்தால் அலை திரும்பி மோதும். ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிற்கும். நடுவே பாலன் என்னும் சிறு மாற்றியைப் போட வேண்டும். சதுர வாயில் ஒன்று, இரண்டாம் ஊசிகள் கேட்பதற்கு. நான்கு, ஐந்தாம் ஊசிகள் பேசுவதற்கு. இரு கருவிகளை நேருக்கு நேர் இணைக்கும்போது ஒன்றின் வாய் மற்றதன் காதுக்குப் போகும்படி கம்பியைக் குறுக்கே மாற்றிக் கட்ட வேண்டும். சாதாரணக் கணினிக் கம்பியை எடுத்துச் செருகிவிட்டு அரை நாள் தேடியவர்கள் உண்டு.

அடுத்தது எழுத்து முறை. தொடர்ந்து சுழிகளாகவே வந்தால் கம்பி ஊமையாகிவிடும். மறுமுனைக்குத் தாளம் தவறிவிடும். அதனால் மூன்று சுழிக்கு மேல் சேர்ந்து வராதபடி நடுவே ஓர் அடையாளத் தட்டலைப் புகுத்துகிறார்கள். இதற்கு எச்.டி.பி.-3 என்று பெயர். ஒரு முனையில் இது இருந்து, மறு முனையில் ஏ.எம்.ஐ. என்னும் பழைய முறை இருந்தால், பேச்சு நடக்கும்போது சரியாகவும் அமைதியாக இருக்கும்போது தவறாகவும் போகும். சி.ஆர்.சி.-4 என்னும் சரிபார்ப்பும் அப்படித்தான். ஒரு பக்கம் போட்டு மறு பக்கம் எடுத்துவிட்டால், கம்பி நன்றாக இருந்தும் கருவி ஓலமிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. எது உயர்ந்தது என்று வாதாடி நேரத்தைப் போக்குவதில் பயனில்லை.

பாதைகளுக்கு எண் கொடுப்பதில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. பதினாறாம் பாதையைத் தொலைபேசிச் சைகைகளுக்காக ஒதுக்குவது பழைய வழக்கம். அதனால் சில கம்பெனிகள் அதை எண்ணாமல் தாண்டி, 1 முதல் 30 வரை எண் போடுகின்றன. சிலர் 0 முதல் 31 வரை எண்ணுகிறார்கள். சிலர் 1 முதல் 32 வரை. ஒருவர் "பதினெட்டாம் பாதையில் விட்டிருக்கிறேன்" என்பார். மற்றவர் "நானும் பதினெட்டில்தான் கேட்கிறேன்" என்பார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் தேடுவார்கள். எண்ணைக் கேட்பதோடு நிற்காமல், "மண்டோரைச் சுழி என்று எண்ணுகிறீர்களா, ஒன்று என்று எண்ணுகிறீர்களா? பதினாறைத் தாண்டுகிறீர்களா?" என்றும் கேட்டுவிட வேண்டும்.

இப்போது அந்த ஆறாம் தேதிக் கதைக்கு வருகிறோம். கோளாறு தாளத்தில் இருந்தது.

தைப்பூசத்தில் உருமி மேளக் குழுவைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர் அடித்தாலும் தாளம் ஒருவரிடமிருந்துதான் பிறக்க வேண்டும். மற்றவர்கள் அவரைக் கேட்டு அடிக்க வேண்டும். ஆளுக்கொரு தாளம் போட்டால் முதல் நிமிடம் ஒத்திருப்பதுபோல் தோன்றும். பிறகு மெல்ல விலகும். இலக்கக் கம்பியிலும் ஒரு முனை தாளம் கொடுக்க வேண்டும். மறு முனை கம்பியில் வரும் தாளத்தைக் கேட்டு நடக்க வேண்டும். வழக்கமாகத் தாளம் கொடுப்பவர் கம்பிக்காரர். அந்த வங்கிக் கிளையில் முந்திய வாரம்தான் பழைய கருவியை எடுத்துவிட்டு வேறு கம்பெனியின் புதிய கருவியை வைத்திருந்தார்கள். அது சொந்தக் கடிகாரத்தில் ஓடும்படி அமைந்திருந்தது. கம்பிக்காரரின் கருவி தன் கடிகாரத்தில் ஓடியது. ஆக, இரண்டு தாளம்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஈ-1 கருவியின் கடிகாரம் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வரை விலகியிருக்கலாம் என்று உலக விதி இடம் கொடுக்கிறது. விநாடிக்கு 20,48,000 புள்ளி ஓடும் கம்பியில் அது 102 புள்ளிக்குச் சற்று மேல். ஒரு சட்டத்துக்கு 256 புள்ளி என்று பார்த்தோம். அப்படியானால் இரண்டரை விநாடிக்கு ஒரு முறை ஒரு முழுச் சட்டம் மிகுந்துபோகும் அல்லது குறைந்துபோகும். கருவி அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும், அல்லது பழையதை இரண்டாம் முறை சொல்லும். இதை வழுக்கல் என்கிறார்கள். பணம் கொடுக்கும் இயந்திரத்தின் செய்தி மிகச் சிறியது. விநாடியில் சிறு பங்குக்குள் ஓடி முடிந்துவிடும். இரண்டு வழுக்கலுக்கு நடுவே அது நழுவிப் போய்விடும். சம்பளப் பட்டியலோ நீளம். ஒரு நிமிடம் ஓடும் பட்டியல் 24 முறை அடி வாங்கும். அனுப்பும் நிரல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் கைவிட்டுவிடும். விளக்கு மட்டும் பச்சையாகவே இருக்கும். ஏனென்றால் மண்டோர் இன்னும் வரிசையின் முன்னால்தான் நிற்கிறார்.

சிறியது போகிறது, பெரியது போகவில்லை, பிழை ஒரே சீரான இடைவெளியில் வருகிறது என்றால் முதலில் தாளத்தைப் பாருங்கள். அன்று நாங்கள் மாற்றியது ஒரே ஒரு சொல்லை. கடிகாரம் "உள்ளிருந்து" என்று இருந்ததைக் "கம்பியிலிருந்து" என்று ஆக்கினோம். பிற்பகலுக்குள் பட்டியல் போய்விட்டது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இரு முனையும் "கம்பியிலிருந்து" என்று இருந்தால் தாளம் கொடுக்க ஆளே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு எங்கோ போய்விடுவார்கள்.

நாட்டுக்கு நாடு இணைக்கும்போது ஒருவர் தாளத்தை மற்றவர் ஏற்பதில்லை. தெப்ராவ் நீரிணைக்கு இந்தப் பக்கம் நம் கடிகாரம், அந்தப் பக்கம் சிங்கப்பூரின் கடிகாரம். அதற்காகவே நாட்டின் தலைமைக் கடிகாரம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாதென்று விதி செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 70 நாளுக்கு ஒரு வழுக்கல்தான் வரும். இரண்டரை விநாடி எங்கே, 70 நாள் எங்கே!

தாளம் சரியாகி, சட்டம் சரியாகி, பாதையும் சரியான பிறகு மொழி இருக்கிறது. கம்பியின் மேல் தரவை உறையில் போட்டு அனுப்ப எச்.டி.எல்.சி. என்றொரு உலகப் பொது முறை உண்டு. ஆனால் உறைக்குள் என்ன வகைக் கடிதம் இருக்கிறது என்று எழுத அந்தப் பொது முறையில் இடமில்லை. ஆகவே கம்பெனிகள் தாமாகவே ஓர் இடத்தைச் சேர்த்துக்கொண்டன. பெயர் ஒன்றுதான், உறை வேறு. சிஸ்கோ கருவியில் தானாக அமைந்து வருவது அந்தக் கம்பெனியின் சொந்த எச்.டி.எல்.சி. ஹுவாவே, ஜூனிப்பர் கருவிகளில் தானாக அமைந்து வருவது பி.பி.பி. என்னும் பொது முறை. மாற்றாமல் இணைத்தால், "கம்பி உண்டு, பேச்சு இல்லை" என்ற நிலை திரையில் தெரியும். சிஸ்கோ கருவி பத்து விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறாயா?" என்று குரல் கொடுக்கும், மூன்று முறை பதில் வராவிட்டால் எதிராளி இல்லை என்று முடிவு செய்துவிடும். 1994ஆம் ஆண்டிலேயே பி.பி.பி.யின் இன்றைய விதி வெளிவந்துவிட்டது. வேறு வேறு கம்பெனிக் கருவிகள் என்று தெரிந்தால் இரு முனையிலும் பி.பி.பி. போட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். கடவுச்சொல் கேட்கும் அமைப்பைக் கடைசியில் போடலாம். முதலில் பேசட்டும், பிறகு பூட்டலாம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? லயத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முழுக் குழாயையும் தோண்டமாட்டோம். பாதி வழியில் ஒரு குழாயைத் திறந்து பார்ப்போம். அங்கே வந்தால் அடைப்பு கீழே, வராவிட்டால் மேலே. கம்பியிலும் இப்படிப் பார்க்க ஒரு வழி உண்டு. ஓர் இடத்தில் பேசும் கம்பியைக் கேட்கும் கம்பியோடு இணைத்துவிட்டால், அனுப்பியது அப்படியே திரும்பி வரும். மலையடிவாரத்தில் கூவி எதிரொலி கேட்பது போல. முதலில் நம் கருவிக்குள்ளேயே திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு சுவரில் உள்ள கம்பிக்காரரின் பெட்டியில். பிறகு தொலைபேசி நிலையத்தில். கடைசியில் மறு முனையின் பெட்டியில். எந்த இடத்திலிருந்து எதிரொலி வரவில்லையோ, அதற்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவேதான் கோளாறு. சுவரில் உள்ள அந்தப் பெட்டி இரண்டு தோட்டங்களுக்கு நடுவே உள்ள எல்லைக்கல் மாதிரி. "உன் பிழை, என் பிழை" என்ற சண்டை அந்த இடத்தில் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. திருப்பிப் போட்டதை எடுத்துவிட வேண்டும்! மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நடு இரவில் திரும்பி வந்திருக்கிறார்கள். தாளக் கோளாறும் இந்தச் சோதனையில் அகப்படாமல் போகலாம். சொந்தத் தாளத்தில் அனுப்பியது அதே தாளத்தில் திரும்பி வந்தால் எல்லாம் சரிபோலவே தெரியும்.

கருவி காட்டும் எச்சரிக்கைகளும் வழி சொல்லும். "குரலே வரவில்லை" என்றால் கேட்கும் கம்பி அறுந்திருக்கிறது. வெறும் ஒன்றுகளாகவே வந்தால், நடுவிலுள்ள கருவி ஒன்று, "எனக்கு மேலேயே நின்றுவிட்டது, நான் என்ன செய்ய?" என்கிறது. மறுமுனை மஞ்சள் எச்சரிக்கை அனுப்பினால், "நீ பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்று பொருள். அப்போது நம் பேசும் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். இவற்றோடு, கால் மணிக்கு ஒரு கணக்காக ஒரு நாளின் 96 கால் மணிக்கும் பிழைகளைக் கருவி எழுதி வைக்கும். பிழை தினமும் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருகிறதா? ஜொகூரில் அது இடியும் மழையும் இறங்கும் நேரம். அமைப்பை மாற்றிக்கொண்டிருக்காமல், மூட்டில் தண்ணீர் இறங்குகிறதா, மண்ணுக்குள் போகும் இடிதாங்கிக் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாக் கோளாறும் அமைப்பில் இருப்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட் பக்கமெல்லாம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கின. அதே டிசம்பர் 26ஆம் தேதி தைவான் அருகே பூமி அதிர்ந்து, கடலடிக் கேபிள்கள் பல அறுந்தன. நம் நாட்டிலும் இணையம் நாள்கணக்கில் தவழ்ந்தது. அத்தகைய நேரத்தில் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டு அமைப்பை மாற்றுவது, மடை உடைந்திருக்கக் குழாயைத் திருகுவது போல. அமைப்பு நேற்று வரை ஓடியிருந்தால், இன்று யாரும் தொடாதிருந்தால், முதலில் வெளியே போய்க் கம்பியைப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்தச் செப்புக் கம்பிகளின் இடத்தைப் பெரும்பாலும் ஒளியிழை பிடித்துவிட்டது. ஈ-1 கருவிகள் பல கழற்றி வைக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் வேறு வேறு கம்பெனிக் கருவிகள் சந்திக்கும் இடத்தில் பழைய கேள்விகளே வேறு பெயரில் வருகின்றன: வேகம் ஒன்றா, எண் ஒன்றா, உறையின் அளவு ஒன்றா? பொலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சிக் கழகத்திலும் இந்தத் துறை படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றும் முன் பழையதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறுமுனையில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே வரிவரியாக ஒப்பிடுங்கள். அந்தக் கிளையில் வேலை முடிந்ததும் கருவிப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்தோம். அதில் ஐந்து வரிகள்: தாளம், கம்பியிலிருந்து. எழுத்து, எச்.டி.பி.-3. சரிபார்ப்பு, உண்டு. பாதை எண்ணிக்கை, சுழியிலிருந்து. உறை, பி.பி.பி. அதன் கீழே தேதியையும் எழுதினோம்.